ஓர் ஆள் எடை

மஸூத் பாய்க்கு மலைகள் எல்லாம் அத்துப்படி. ஒன்றில்கூட ஏறியதில்லை, அதுதான் சங்கதி.

பூந்தமல்லியிலிருந்து வேலப்பன்சாவடி போகிற நெடுஞ்சாலையில், கல்லூரி பஸ்கள் வரிசைகட்டித் திரும்புகிற இடத்துக்குச் சற்று முன்னால், சர்வீஸ் ரோட்டு ஓரம் அவர் பட்டறை. தார், ஜிப்சி, ஜிம்னி என்று காடுமேடு ஏறுகிற வண்டிகள் மட்டும்தான் அங்கே வரும். கம்பெனி போட்டு அனுப்பிய ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் கழற்றிவிட்டு, திடமானதாக வேறு மாட்டி, வண்டியை இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்தித் தருவது அவர் வேலை. ஒன்பது வருஷமாக இதைச் செய்கிறார். அதற்கு முன்னால் இருபது வருஷம் லாரிகளுக்கு அடியில் கிடந்தார்.

அனுப்பிய வண்டிகள் திரும்பி வரும்போது அடிப்பாகத்தில் போன ஊரையெல்லாம் ஒட்டிக்கொண்டு வரும். குடகு என்றால் சிவப்புச் சேறு. காய்ந்துவிட்டால் உளி வைத்துத்தான் சுரண்ட வேண்டும். ராஜஸ்தான் என்றால் மணல், எத்தனை தடவை கழுவினாலும் எங்கிருந்தோ கொட்டிக்கொண்டே இருக்கும். இமாச்சலத்தில் ஸ்பிட்டி பக்கம் போய்வந்த வண்டியில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஒரு தூள். முகத்துக்குப் பூசுகிற பவுடர் அளவுக்கு மெலிசு. ஷாக்கின் ரப்பர் உறைக்குள்ளும் போல்ட்டின் மரைக்குள்ளும் புகுந்து உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அடித்ததும் அது கரைந்து ஓடுவதை மஸூத் பாய் ஒரு நிமிஷம் நின்று பார்ப்பார். பார்த்துவிட்டு வண்டிக்காரரிடம், “எப்டி சார் இர்ந்துச்சு?” என்று கேட்பார்.

“செம்ம பாய்,” என்பார்கள். உடனே ஃபோனை எடுத்து வீடியோ காட்டுவார்கள். பாழாய்ப்போன வீடியோவில் எப்போதும் சக்கரம்தான். பாறைமேல் சக்கரம் ஏறும், ஸ்பிரிங் நீளும், சுருங்கும். “பாருங்க பாய், உங்க வேலை எப்படிப் பேசுது.” அவரும் தலையாட்டுவார். அந்தச் சக்கரத்துக்குப் பின்னால் இருந்த மலையைக் காட்டுங்களேன் என்று கேட்க வாய்வரை வரும், வெளியே வராது. அது அவருடைய பிறவிக் குணம். பசித்தால்கூடச் சோறு போடு என்று கேட்க மாட்டார். சமையல்கட்டுப் பக்கம் இரண்டு நடை நடப்பார். மனைவி ஷாகிதா இருபத்திரண்டு வருஷமாக அந்த நடையைப் பார்த்துச் சோறு போடுகிறாள். ஊரில் உள்ளவர்கள் எல்லாம் ஷாகிதாவா என்ன?

நாற்பத்தேழு வயதில் அவர் போன தூரம் மேற்கே பெங்களூரு, தெற்கே நாகூர். ஒருதடவை ஏலகிரி அடிவாரத்தில் ஒரு ஜிப்சி படுத்துவிட்டது என்று பஸ் பிடித்து ஓடினார். மத்தியானத்துக்குள் சரிசெய்து கொடுத்தார். வண்டிக்காரர்கள் நன்றி சொல்லி, ஹாரன் அடித்துக்கொண்டு மேலே ஏறிப் போனார்கள். மஸூத் பாய் கையைக் கழுவிக்கொண்டு, எதிர்ப்பக்கம் வந்த பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்துவிட்டார். சொன்னால் சிரிப்பீர்கள். மலை தலைக்கு மேலே நிற்கிறது, பஸ்ஸும் மேலே போகிறது, மனுஷன் கீழே இறங்கி வந்திருக்கிறார். ஏன் என்று கேட்டதற்கு, “வேல முட்ஞ்சிச்சே,” என்றார்.

ஜனவரியில் ராகேஷ் வந்தார். அம்பத்தூரில் ஒரு கணினி கம்பெனியில் வேலை, புதுசாக ஒரு தார். ஜூன் மாசம் அவரும் மனைவி சௌம்யாவும், கல்லூரி சிநேகிதர் தமிழரசுவும் சென்னையிலிருந்து ஸ்பிட்டி வரை ஓட்டிக்கொண்டே போகிறார்கள்.

மஸூத் பாய் எல்லாரிடமும் முதலில் கேட்கிற கேள்வி, எத்தனை பேர், எவ்வளவு சாமான். ஸ்பிரிங் என்பது எடை பார்த்துப் போட வேண்டிய சாமான். எடைக்குக் குறைவாகப் போட்டால் வண்டி பின்பக்கம் உட்கார்ந்துவிடும். அதிகமாகப் போட்டால் பள்ளத்தில் இறங்கும்போது தூக்கி அடிக்கும், வளைவில் சக்கரம் மண்ணைப் பிடிக்காது. அதனால் ஒவ்வொருவர் எடையையும் பட்டறைச் சுவரில் சாக்பீஸால் எழுதிக்கொள்வார். எடையைக் கேட்டால் ஆண்பிள்ளைகள்தான் அதிகம் பொய் சொல்வார்கள். வயிற்றை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஐந்து கிலோ கூட்டி எழுதுவார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. ஸ்பிரிங் மாட்டினாலும் ரப்பர் புஷ் என்கிற வளையம் இருக்கிற போல்ட்டுகளைக் கடைசிவரை முறுக்க மாட்டார். வண்டி தரையில் நிற்க வேண்டும், போகிற சாமான் ஏற வேண்டும், போகிற ஆட்கள் எல்லாரும் வந்து அவரவர் இடத்தில் உட்கார வேண்டும். அந்தக் கனத்தில் வண்டி எந்த உயரத்துக்கு இறங்கி நிற்கிறதோ, அந்த உயரத்தில்தான் முறுக்குவார். இல்லாவிட்டால் ரப்பர் முறுக்கிக்கொண்டு ஆறே மாசத்தில் கிழியும். பட்டறையில் அதற்குப் பேர், ஆள் ஏற்றி முறுக்குவது.

ராகேஷ் எடையெல்லாம் சொல்லி முடித்து டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் அந்த வார்த்தையைச் சொன்னார்.

“பாய், பேசாம நீங்களும் வாங்களேன். பின்சீட்ல இன்னொரு இடம் இருக்கு. நீங்க கூட இருந்தா வண்டியப் பத்திக் கவலையே இல்ல.”

மஸூத் பாய் சிரித்தார். ராகேஷும் டம்ளரை வைத்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

அன்று சாயங்காலம் மஸூத் பாய் தன் டூல்ஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, நாலு கடை தள்ளி இருக்கிற காயலான் கடைக்குப் போனார். பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, இரும்பு நிறுக்கிற தராசில் ஏறி நின்றார். எண்பத்து நாலு கிலோ. பெட்டியை மட்டும் வைத்தார். முப்பத்தெட்டு. திரும்பி வந்து சுவரில் ராகேஷ், மேடம், தமிழரசு, சாமான் என்று எழுதியிருந்ததற்குக் கீழே, பேர் போடாமல் 84, 38 என்று எழுதினார். சக்கர அலைன்மெண்ட் பார்க்கிற தங்கராஜ் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆவடிக்காரர், பன்னிரண்டு வருஷக் கூட்டாளி.

“இன்னா மாமே, இது யாரு? பேரே இல்லாம கீறான்?”

“அது ஒரு லோடு.”

பின்பக்க ஸ்பிரிங்கில் இரண்டு ரகம் கிடைக்கும். வண்டியில் ஏறுகிற மொத்த எடை நானூறு கிலோவுக்குள் என்றால் நடுத்தரம், தாண்டினால் கனம். மூன்று பேரும் சாமானும் நானூறுக்குள்தான் இருந்தார்கள். அந்தப் பேரில்லாத லோடு சேர்ந்ததும் தாண்டிவிட்டது. மஸூத் பாய் கனமான ஸ்பிரிங்குக்குச் சொல்லி அனுப்பினார்.

பிறகு வீட்டில் நடந்த கூத்தைக் கேளுங்கள். ஷாகிதா நடையைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். “இன்னாங்க, எங்கியாவது போறீங்களா?” என்று கேட்டதும் மனுஷன் கொட்டிவிட்டார். பத்தொன்பது நாள் பயணம், பதினைந்தாயிரம் அடி உயரம், ஜூன் மாசத்திலும் பனி. கல்லூரி போகிற மகள் சைமா ஃபோனில் படம் படமாக எடுத்துக் காட்டினாள். “அத்தா, அங்க மூச்சு முட்டுமாம். இப்பவே நடக்க ஆரம்பிங்க,” என்றாள். மறுநாளிலிருந்து காலைத் தொழுகை முடிந்ததும் பைபாஸ் மேம்பாலத்தில் விறுவிறுவென்று ஏறி இறங்கினார் மஸூத் பாய். ஷாகிதா குரங்குக் குல்லாவும் கம்பளி பனியனும் வாங்கி வைத்தாள். பூந்தமல்லியில் மே மாச வெயிலில் கம்பளி பனியன் கேட்டதற்குக் கடைக்காரர் மேலும் கீழும் பார்த்தாராம். இவள் சும்மா இருப்பாளா? “எங்க ஊட்டுக்காரரு பனிமலைக்குப் போறாரு,” என்று அங்கேயே சொல்லிவிட்டு வந்தாள். தெருவுக்கே தெரிந்துபோனது.

இத்தனைக்கும் ராகேஷிடம் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நடுவில் எட்டுப் பத்துத் தடவை ஃபோனில் பேசினார்கள். ஷாக்கின் நிறம் பற்றிப் பேசினார்கள், டயர் பற்றிப் பேசினார்கள். அழைத்தவர் அழைத்துவிட்டார், வருகிறவன் வருகிறேன் என்று திரும்பச் சொல்வது அலைவது மாதிரி ஆகாதா என்பது இவர் நினைப்பு. டீயோடு சொன்ன வார்த்தை டம்ளர் காய்வதற்குள் மறந்துபோகும் என்பது இவருக்கு உறைக்கவே இல்லை.

மே கடைசியில் வண்டி வந்தது. மூன்று நாள் வேலை. முன்பக்க ஸ்பிரிங்கை இரும்புக் கவ்வி போட்டு நெரித்துத்தான் மாட்ட வேண்டும். கவ்வி நழுவினால் ஆளையே அடித்துவிடும், அதனால் அந்த நேரத்தில் பட்டறையில் யாரும் பேச மாட்டார்கள். பின்பக்கம் சுலபம். ஷாக்கை அவிழ்த்துவிட்டு அச்சை மெல்ல இறக்கினால் பழைய ஸ்பிரிங் தானாகக் கையில் வந்துவிடும். புதுசை உட்காரவைத்துத் துணியால் துடைத்தார். இந்த ஸ்பிரிங்குக்கு மேலேதான் உட்காரப்போகிறோம் என்று நினைத்தபோது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு ஆள் ஏற்றி முறுக்குவது. மஸூத் பாய் துவைத்துத் தேய்த்த சட்டை போட்டு வந்திருந்தார். டூல்ஸ் பெட்டி தயாராக வாசலில் இருந்தது. ராகேஷும் சௌம்யாவும் தமிழரசுவும் வந்து, முந்தின நாள் சாமான் ஏற்ற எடுத்துப்போன வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

“ஏறி உக்காருங்க சார்,” என்றார்.

மூன்று பேரும் ஏறினார்கள். ராகேஷும் தமிழரசுவும் முன்னால், சௌம்யா பின்னால் இடது பக்கம். மஸூத் பாய் டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். நீங்களும் ஏறுங்க பாய் என்று யாராவது சொல்வார்கள் என்று நின்றார். யாரும் சொல்லவில்லை. ஏதோ யோசிக்கிறார் என்று அவர்களும் பொறுமையாக உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அவராகவே பின்கதவுக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தார். வலது பக்கத்து சீட்டு இல்லை. கழற்றிவிட்டு அந்த இடத்தில் வண்டியில் வைக்கிற சின்ன ஃபிரிட்ஜ் ஒன்றை போல்ட் போட்டு இறுக்கியிருந்தார்கள்.

“எப்படி பாய் இருக்கு? நேத்துதான் மாட்டினேன்,” என்றார் ராகேஷ்.

“சோக்கா கீது சார்,” என்றார் மஸூத் பாய்.

பனிமலைக்குப் போகிறவர்களுக்கு ஃபிரிட்ஜ் எதற்கு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவருக்கு அதைக் கேட்கக்கூடத் தோன்றவில்லை. குனிந்து டேப்பைப் பிடித்தார். சக்கர நடுவிலிருந்து மட்கார்ட் விளிம்புவரை அளந்தார். முன்பக்கம் சரியாக இரண்டு அங்குலம் ஏறியிருந்தது. பின்பக்கம் இரண்டே முக்கால். தங்கராஜ் அந்தப் பக்கம் அளந்து அதையே சொன்னார். சொல்லிவிட்டுச் சுவரைப் பார்த்தார், பிறகு மஸூத் பாயைப் பார்த்தார்.

குத்தம்பாக்கம் பக்கம் உள்சாலையில் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தார்கள். “பின்னாடி தூக்கிப் போடுதுங்க,” என்று சௌம்யா இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். “ஏன் பாய், பின்பக்கம் குதிரை மாதிரி நிக்குது?” என்று ராகேஷ் கேட்டார்.

இந்தக் கேள்விக்குத் தொழிலில் ஒரு ரெடிமேட் பதில் உண்டு. புது ஸ்பிரிங் சார், ஆயிரம் கிலோமீட்டர் ஓடினால் செட் ஆகிடும். யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். மஸூத் பாய்க்கு அது நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அவர் கழுவிய வண்டிகளின் பாறைக் கீறல்கள் அவருக்குத்தான் தெரியும். அந்தச் சாலையில் ஒரு பக்கம் மலை, ஒரு பக்கம் ஒன்றுமில்லை. பின்சக்கரம் குதிக்கிற வண்டியை அங்கே அனுப்ப அவரால் முடியாது.

“தப்பு என்னுது சார். ஒரு ஆள் எடை ஜாஸ்தியாப் போட்டு ஸ்பிரிங் வாங்கிட்டேன். ரெண்டு நாள்ல மாத்திக் குட்த்துடறேன்.”

“எந்த ஆள் பாய்? நாங்க மூணு பேர்னுதானே சொன்னோம்?”

“கணக்குல பெசகிட்டேன் சார்.”

“பரவால்ல விடுங்க,” என்று ராகேஷ் தோளைத் தட்டினார். நல்ல மனுஷன்தான், அவரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

அவர்கள் போனதும் தங்கராஜ் பிடித்துக்கொண்டார். “வாயத் தொறந்து ஒரு வார்த்த கேட்டா இன்னா மாமே கொறஞ்சிடும் உனுக்கு? அஞ்சு மாசமா பாலம் ஏறி எறங்கிகினு கீற.”

“கேட்டு, இல்லன்னுட்டா?”

“இல்லன்னு சொல்லிட்டுப் போறாரு. இப்ப மட்டும் இன்னா ஆச்சு?”

மஸூத் பாய் பட்டறையைப் பூட்டினார். வீட்டுக்குப் போய் ஷாகிதாவிடம் சொன்னபோது அவள் கம்பளி பனியனை மடித்து உள்ளே வைத்தாள். பிறகு, “தெருவுக்கெல்லாம் சொல்லிட்டேனே,” என்றாள். “பட்டறைல வேல ஜாஸ்தின்னு சொல்லிடு,” என்றார் அவர். அன்றைக்குச் சமையல்கட்டுப் பக்கம் அவர் நடக்கவே இல்லை. ஷாகிதாவே தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தாள். அதைப் பார்த்ததும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

நடுத்தர ஸ்பிரிங் வந்து சேர்ந்தது. கனமானதைக் கழற்றித் தன் கையாலேயே மாற்றினார். மறுபடி மூன்று பேரையும் வரவழைத்து உட்காரவைத்து அளந்தார். முன்னும் பின்னும் இரண்டு அங்குலம், நூல் பிடித்த மாதிரி. மல்லாந்து படுத்து அடியில் போய் ஒவ்வொரு போல்ட்டாக முறுக்கினார். மேலே அவர்கள் மூன்று பேரும் எந்த ஊரில் தங்குவது, எங்கே சாப்பிடுவது என்று பேசிக்கொண்டிருந்தது கீழே நன்றாகக் கேட்டது. ஜூன் மூன்றாம் தேதி கிளம்பிப் போனார்கள்.

பதினோராவது நாள் முற்பகலில் ராகேஷிடமிருந்து வீடியோ அழைப்பு வந்தது. “பாய், பின்னாடி டக் டக்னு சத்தம். பள்ளத்துல எறங்குறப்போ எல்லாம் வருது. என்னன்னு பாருங்க.”

“பயப்படாதீங்க சார். ஃபோன வண்டிக்கி அடில காட்டுங்க. வலது பக்கம். கொஞ்சம் கீழ.”

திரையில் அச்சு தெரிந்தது, ஸ்பிரிங் தெரிந்தது. எல்லாவற்றின் மேலும் அந்தச் சாம்பல் தூள். அவர் கழுவிக் கழுவி ஓடவிட்ட தூள், அதன் சொந்த ஊரில். ஷாக்கின் கீழ்ப்பக்க நட்டில் மட்டும் தூள் இல்லாமல் ஒரு வளையம் பளபளத்தது. அது அசைகிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பத்தொன்பதாம் நம்பர் ஸ்பேனரை எடுக்கச் சொன்னார். ஜாக்கி போடாமல், வண்டி சாமான் கனத்தோடு தரையில் நிற்கும்போதே முறுக்கச் சொன்னார். தமிழரசு முறுக்கினார். ராகேஷ் ஒரு பள்ளத்தில் இறக்கி ஏற்றிப் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது.

“தெய்வம் பாய் நீங்க. வெச்சிடறேன்,” என்றார் ராகேஷ். திரை அணைந்தது.

மஸூத் பாய் கையில் ஃபோனோடு நின்றார். பத்து நிமிஷம் ஸ்பிட்டியில் இருந்துவிட்டு வந்திருக்கிறார், பார்த்தது ஒரு நட்டும் ஒரு ஸ்பேனரும். ஏலகிரி அடிவாரத்தில் கையைக் கழுவிக்கொண்டு பஸ் ஏறிய அதே மனுஷன். தங்கராஜ் தலையை ஆட்டிக்கொண்டே தன் வேலையைப் பார்க்கப் போனார். மஸூத் பாய்க்கு அப்போது என்ன தோன்றியதோ, திரும்ப அவரே அழைத்தார். போகவில்லை. இன்னொரு தடவை அழைத்தார். மூன்றாவது தடவை ராகேஷின் முகம் வந்தது.

“என்ன பாய், வேற ஏதாவது பாக்கணுமா?”

“வண்டி இல்ல சார். ஃபோனத் திருப்பி மலையக் காட்டுங்க.”

ராகேஷ் ஒரு விநாடி விழித்தார். பிறகு ஃபோனைத் திருப்பினார். மரமே இல்லாத மண்நிறச் சரிவு ஒன்று மேலே போய்க்கொண்டே இருந்தது. திரை முடிந்த பிறகும் அது முடியவில்லை. “கொஞ்சம் மேல தூக்குங்க சார்,” என்றார். உச்சியில் வெள்ளை தெரிந்தது. அதற்கு மேலே இருந்த வானம் அவர் எந்த ஊரிலும் பார்த்திராத நீலமாக இருந்தது. தங்கராஜ் வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். மஸூத் பாய் மூச்சுவிடும் சத்தம்தான் கேட்டது.

“பாய், இருக்கீங்களா?”

“கீறேன் சார். ஒண்ணு சொல்லணும். அன்னிக்கி ஜாஸ்தியாப் போட்ட ஆள் எடை என்னுதுதான். நீங்க வாங்கன்னு கூப்ட்டத வெச்சி நான் வரதாவே நெனச்சிகினு எழுதிட்டேன். ஒங்க மேல வருத்தம் இல்ல. அடுத்த வாட்டி மலைக்குப் போறப்போ எனுக்கு ஒரு எடம் வெய்ங்க. மெக்கானிக்கா இல்ல. எனுக்குப் பாக்கணும் சார். ரொம்ப நாளா பாக்கணும்னு ஆச.”

பதில் வரவில்லை. அப்போதுதான் கவனித்தார். திரையில் மலை அசையாமல் நின்றுகொண்டிருந்தது. ஓரத்தில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது. எந்த வார்த்தையோடு அறுந்ததோ தெரியாது.

“அவருக்குக் கேட்டுச்சா?” என்றார் தங்கராஜ்.

“தெர்ல.”

பழைய மஸூத் பாய் என்றால் அத்தோடு விட்டிருப்பார். இவர் வாட்ஸ்அப்பைத் திறந்து, மைக்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, சொன்ன எல்லாவற்றையும் முதலிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் திரும்பச் சொன்னார். குரல் நடுவில் ஓர் இடத்தில் உடைந்தது. அழிக்காமல் அப்படியே அனுப்பினார். ஒரே ஒரு டிக் விழுந்தது.

“டவர் வந்தா போய்ச் சேர்ந்துடும் மாமே,” என்றார் தங்கராஜ்.

“சேரும்போது சேரட்டும்,” என்றார் மஸூத் பாய். “நான் கேட்டுட்டேன்.”